சூரியனின் செயல்மிகு பகுதிகள்: 27 நாளில் திரும்பி வரும் காந்த முடிச்சுகளும் திருவனந்தபுரத்தின் பங்கும்

தம்பானூர் (திருவனந்தபுரம்): கடந்த 2024-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி இரவு, லடாக்கின் ஹான்லே பகுதியில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்கள் வானில் செந்நிற ஒளியைப் பதிவு செய்தன. துருவப் பகுதிகளுக்கே உரிய அந்த ஒளி இந்திய எல்லைக்குள் தெரிவது அரிதினும் அரிது. அதே இரவில் அமெரிக்காவின் வேளாண் மாநிலங்களில் செயற்கைக்கோள் வழிகாட்டுதலில் இயங்கும் டிராக்டர்கள் பாதை தவறின. விதைப்புப் பணி தடைபட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவாகாத ஜி5 எனும் உச்ச நிலை புவிகாந்தப் புயல் அன்று பூமியைத் தாக்கியிருந்தது.

இதற்கு மூலகாரணமாக இருந்தது சூரியப் பரப்பில் தோன்றிய ஒரே ஒரு கறுப்புப் புள்ளிக் கூட்டம். குறுக்களவில் பூமியைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு பரந்திருந்த அதற்கு வானியலாளர்கள் வழங்கிய பெயர் ‘செயல்மிகு பகுதி 13664’. மே மாதத்தின் நடுவில் அது சூரியனின் மறுபக்கத்துக்குச் சென்று மறைந்தது. மே மாத இறுதியில், சூரியன் ஒரு முறை சுழன்று முடித்தபோது, மீண்டும் நம் பக்கம் எட்டிப் பார்த்தது. இம்முறை அதற்கு 13697 என்ற புதிய எண் தரப்பட்டது. எண் மாறினாலும் குணம் மாறவில்லை. மே 29-ஆம் தேதி மீண்டும் எக்ஸ் வகைப் பிழம்பை உமிழ்ந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சிறு கதை உண்டு. அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான நோவா, 1972 ஜனவரி 5 முதல் சூரியனின் செயல்மிகு பகுதிகளுக்கு வரிசை எண் இட்டு வருகிறது. 2002-ஆம் ஆண்டு ஜூனில் அந்த எண்ணிக்கை 10,000-ஐத் தொட்டது. நான்கு இலக்கங்களுக்கு மேல் எழுதும் வழக்கம் இல்லாததால், 13664 என்பதைப் பல செய்திகள் 3664 என்றே குறிப்பிட்டன. இரண்டும் ஒன்றே.

அகத்தியர் மலையில் காந்த ஊசி

சூரியனால் நேரும் காந்தக் குழப்பம் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது திருவனந்தபுரத்துக்குப் புதிய செய்தி அன்று. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு வடக்கே, பாளையத்தை ஒட்டிய குன்றின்மீது, சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் 1837-இல் நிறுவப்பட்ட வானாய்வகம் உள்ளது. அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் ஆலன் பிரவுன், வானத்து விண்மீன்களைக் காட்டிலும் காந்த ஊசியின் நடுக்கத்தையே பெரிதும் கவனித்தார்.

1865 வரை திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்த அவர், நகரில் செய்த அளவீடுகள் போதாதெனக் கருதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அகத்தியர்கூட உச்சியிலும் ஓர் அளவீட்டு நிலையத்தை அமைத்தார். யானைகள் உலவும் காட்டைக் கடந்து, மழையும் காற்றும் ஓயாத அந்த உச்சிக்குக் காந்தக் கருவிகளைக் கொண்டு சேர்த்தது எளிய செயல் அன்று. தமிழுக்கு இலக்கணம் வகுத்ததாகப் போற்றப்படும் முனிவரின் பெயர் தாங்கிய மலையில், சூரியனின் இலக்கணத்தை அறியும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நடந்திருப்பது தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத செய்தி.

பிரவுன் கண்டறிந்தவற்றுள் இரண்டு இன்றும் நிலைத்து நிற்கின்றன. பூமியின் காந்தச் செறிவு ஓர் ஊரில் மட்டும் ஏறி இறங்குவதில்லை. உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வேளையில் மாறுகிறது என்பது ஒன்று. அந்த மாற்றம் ஏறத்தாழ 26 நாள்களுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது, அது சூரியனின் சுழற்சியோடு தொடர்புடையது என்பது மற்றொன்று. அதாவது, சூரியனின் முழு உடலும் ஒரேபோல் பூமியைப் பாதிப்பதில்லை; அதன் குறிப்பிட்ட சில இடங்களே தொல்லை தருகின்றன என்ற கருத்துக்கு இது வழிவகுத்தது. அந்த இடங்களையே இன்று செயல்மிகு பகுதிகள் என்கிறோம். 1878-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் பதக்கம் வழங்கியது. திருவனந்தபுரத்தின் அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் பிரவுனுக்கு விடை கிட்டாத கேள்வி ஒன்று இருந்தது. 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு புள்ளி, திருவனந்தபுரத்தில் ஓர் ஊசியை எவ்வாறு அசைக்கிறது?

புள்ளி ஏன் கறுக்கிறது?

சூரியன் திடப்பொருள் அன்று. அது மின்னூட்டம் பெற்ற வாயுவால், அதாவது பிளாஸ்மாவால் ஆனது. மின்னூட்டம் பெற்ற பொருள் ஓடினால் காந்தப்புலம் பிறக்கும். பிளாஸ்மாவும் காந்தப்புலமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நகரும்.

சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி ஏறத்தாழ 25 நாள்களில் ஒரு சுற்றை முடிக்கிறது. துருவங்களை அடுத்த பகுதிக்கு அதைவிடப் பத்து நாள்கள் வரை கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்த வேக வேறுபாட்டால் உள்ளே வடக்கு தெற்காக ஓடும் காந்தக் கோடுகள் இழுபட்டு, கிழக்கு மேற்காகச் சுற்றிக்கொள்கின்றன. கேரளக் கடற்கரையில் தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் கயிறு ஓரிடத்தில் வளைந்து மேலெழும்பும். சூரியனுக்குள்ளும் காந்த முறுக்கு மிகுந்த இடம் மிதந்து மேலே வந்து, பரப்பைப் பிளந்து வெளியே வளையமாக எழுகிறது. வளையத்தின் ஒரு கால் வட முனை, மறு கால் தென் முனை. இதனாலேயே சூரியப் புள்ளிகள் பெரும்பாலும் இணை இணையாகத் தோன்றுகின்றன.

கால் ஊன்றிய இடம் கறுப்பாகத் தெரிவதற்கும் காந்தமே காரணம். உலையில் கொதிக்கும் கஞ்சி போல, சூரியனின் அடியிலிருந்து வெப்ப வாயு பொங்கி மேலே வந்தபடி இருக்கும். வலிமையான காந்தப்புலம் அந்தக் கொதிப்பைத் தடுக்கிறது. வெப்பம் மேலே வர இயலாததால் அவ்விடம் குளிர்கிறது. சுற்றுப்புறம் சுமார் 5,800 கெல்வின் வெப்பநிலையில் ஒளிர, புள்ளியின் மையம் சுமார் 4,000 கெல்வின் அளவுக்குத் தாழ்கிறது. தனித்து எடுத்து இரவு வானில் வைத்தால் அதுவும் கண்ணைக் கூசச் செய்யும்; பின்னணியின் பேரொளியால்தான் கறுப்பாகத் தோன்றுகிறது.

புள்ளிக்குள் காந்தப்புலம் இருப்பதை 1908-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் நிறுவினார். காந்தப்புலத்தில் சிக்கிய அணுக்கள் வெளியிடும் நிறமாலைக் கோடு பலவாகப் பிளவுபடும் என்பதை நெதர்லாந்தின் பீட்டர் சீமன் 1896-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டிருந்தார். அதே பிளவை ஹேல் சூரியப் புள்ளியின் ஒளியில் கண்டார். பிளவின் அகலம் காந்தத்தின் வலிமையைச் சொல்லும். புள்ளிகளில் அது 3,000 காஸ் அளவில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால், தம்பானூரில் நிற்கும் ஒருவரைச் சூழ்ந்துள்ள பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ் மட்டுமே.

கொடைக்கானலின் நூற்றாண்டுப் படங்கள்

ஹேலின் கண்டுபிடிப்பு வெளியான சில மாதங்களில், 1909 ஜனவரியில், பழனி மலைகளின் மீதுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் ஒரு சோதனை செய்தார். புள்ளியைச் சுற்றி வாயு நீர்ச்சுழிபோல் சுழல்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். சுழற்சி தென்படவில்லை. மாறாக, புள்ளியின் இருண்ட மையத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி, ஆரக்கால்கள்போல் எல்லாத் திசையிலும் வாயு பாய்ந்துகொண்டிருந்தது. ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலக இயற்பியல் நூல்கள் இன்றும் குறிப்பிடுவது இதனையே. தமிழ்நாட்டு மண்ணில் நிகழ்ந்த முதன்மையான இயற்பியல் கண்டுபிடிப்புகளுள் ஒன்று என்ற போதிலும், கொடைக்கானல் செல்லும் சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் ஏரிக்கும் தூண் பாறைக்கும் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை.

கொடைக்கானல் ஆய்வகம் பிறந்ததன் பின்னணியில் ஒரு பெருந்துயர் உள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடம் வலுப்பெற்றது. சூரியனைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற பரிந்துரை அதிலிருந்து எழுந்தது. மழையைக் கணிக்கும் அந்த நம்பிக்கை ஈடேறவில்லை. ஆனால், 1904 முதல் நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் எஞ்சின.

அந்தப் படங்களின் மதிப்பு பின்னரே தெரிந்தது. சூரியப் பரப்பு முழுவதன் காந்தத்தை வரைபடமாக்கும் கருவிகள் 1950-களில்தான் வந்தன. அதற்கு முந்தைய காலத்துக்கு நேரடிக் காந்த வரைபடம் இல்லை. எனினும், கால்சியம் அணு வெளியிடும் குறிப்பிட்ட ஊதா ஒளியில் படமெடுத்தால், காந்தம் மிகுந்த இடங்கள் புள்ளிகளைச் சுற்றிய வெண்திட்டுகளாகப் பளிச்சிடும். கொடைக்கானலில் இத்தகைய கண்ணாடித் தகட்டுப் படங்கள் ஒரு நூற்றாண்டு காலத்துக்கு உள்ளன. இவற்றை எண்ணிம வடிவில் மாற்றிய இந்திய வான் இயற்பியல் நிறுவனம், உலக ஆய்வாளர்களுக்கு வழங்கி வருகிறது. எவரும் காந்தத்தை அளக்காத ஆண்டுகளின் காந்தத்தை இவற்றைக் கொண்டு மீட்டெடுக்கின்றனர்.

‘சூரியப் புயல்’ என்ற ஒரே சொல்

செய்திகளை மொழிபெயர்க்கும்போது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளையும் ‘சூரியப் புயல்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, சூரியப் பிழம்பு. எதிரெதிர் முனைகளைக் கொண்ட காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, புதிய வடிவில் மீளிணையும்போது, தேங்கிய ஆற்றல் ஒளியாகவும் எக்ஸ் கதிராகவும் வெடிக்கிறது. இது பூமியை அடைய எட்டு நிமிடங்கள் சற்றுக் கூடுதலாகும். சி, எம், எக்ஸ் என ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பத்து மடங்கு வலியது. பகல் பக்கத்தில் சிற்றலை வானொலித் தொடர்பு தடைபடும். இரண்டாவது, கரோனா நிறை வெளியேற்றம். (பெருந்தொற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை, சூரியனின் வெளி வளிமண்டலத்துக்கு அப்பெயர் முன்னரே உண்டு.) காந்தப்புலத்தைச் சுமந்த பிளாஸ்மா மேகம் சூரியனிலிருந்து பிய்ந்து வெளியேறுவது இது. பூமியை நோக்கி வந்தால் ஒன்று முதல் மூன்று நாள்களில் வந்து சேரும். மூன்றாவதான புவிகாந்தப் புயல் சூரியனில் நிகழ்வதே இல்லை. அந்த மேகம் பூமியின் காந்தப்புலத்தோடு மோதும்போது இங்கே நிகழ்வது.

ஒன்று நடந்தால் மற்றொன்றும் நடந்தே தீரும் என்று கொள்வது பிழை. மே 2024 நிகழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. நம் பார்வைக்குத் தெரிந்த வரையில் 13664 பகுதியின் மிக வலிய பிழம்பு, எக்ஸ்8.7, மே 14-ஆம் தேதி வெளிப்பட்டது. அப்போது அப்பகுதி சூரியனின் விளிம்புக்குச் சென்றிருந்ததால் அதன் வெளியேற்றம் பூமியைக் குறிவைக்கவில்லை. பெரிய புயலும் எழவில்லை. இன்னும் வியப்பான எடுத்துக்காட்டு 2014 அக்டோபரில் தோன்றிய 12192 எண் பகுதி. 1990-க்குப் பின் காணப்பட்டவற்றுள் மிகப் பெரிய புள்ளிக் கூட்டமான அது ஆறு எக்ஸ் வகைப் பிழம்புகளை உமிழ்ந்தும், குறிப்பிடத்தக்க நிறை வெளியேற்றம் எதையும் நிகழ்த்தவில்லை. அதன் மேலே கவிந்திருந்த காந்த வளையங்கள் மூடியிட்ட பானைபோல் பிளாஸ்மாவை உள்ளேயே அடக்கிவிட்டன.

எனவே, புள்ளியின் அளவைவிட அதன் காந்த அமைப்பே முதன்மையானது. ஒரே முனை மட்டும் உள்ள புள்ளிகள் ஆல்ஃபா, இரு முனைகள் தெளிவாகப் பிரிந்திருப்பவை பீட்டா, முனைகள் கலந்து குழம்பியவை காமா என வகைப்படுத்தப்படுகின்றன. எதிரெதிர் முனைகள் ஒரே புள்ளியின் உறைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தால் அது டெல்டா. முன்னறிவிப்பு மையங்களில் பணியில் இருப்பவர்கள் அஞ்சுவது டெல்டாவுக்குத்தான். 13664 அவ்வகையைச் சேர்ந்தது.

வாசலில் நின்று பார்க்கும் கருவி

இத்தனையும் அறிந்த பிறகும் ஒரு தகவல் மட்டும் கடைசி நேரம் வரை கைக்கு எட்டுவதில்லை. வரும் மேகத்துக்குள் காந்தப்புலம் எத்திசையில் உள்ளது என்பதே அது. பூமியின் காந்தப்புலம் வடக்கு நோக்கியது. மேகத்தின் புலமும் வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் வழுக்கிச் சென்றுவிடும். தெற்கு நோக்கியிருந்தால் இரண்டும் மீளிணைந்து, பூமியின் காந்தக் கவசத்தில் வாசல் திறந்துவிடும். சூரியப் பரப்பின் காந்தத்தைத் தொலைநோக்கியால் படிக்கலாம். ஆனால் வழியில் சுழன்றும் மோதியும் வரும் மேகத்தின் திசையை, அது ஒரு கருவியைக் கடந்து செல்லும்போதுதான் உறுதியாக அளக்க முடியும்.

இந்தியாவைப் பொறுத்தவரை அந்த வாசற்காவல் பணியை ஆதித்யா எல்1 மேற்கொண்டுள்ளது. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி57 ஏவூர்தி மூலம் செலுத்தப்பட்ட இவ்விண்கலம், 2024 ஜனவரி 6-ஆம் தேதி பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் நிலைகொண்டது. அதில் உள்ள ஏழு கருவிகளுள் ‘பாபா’ எனப்படும் பிளாஸ்மா ஆய்வுத் தொகுப்பு, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. சூரியக் காற்றின் எலக்ட்ரான்களையும் அயனிகளையும் அது அளக்கிறது. 2024 பிப்ரவரி 10, 11 தேதிகளில் கடந்து சென்ற நிறை வெளியேற்றங்களின் தாக்கத்தை இக்கருவி உணர்ந்ததாக இஸ்ரோ அறிவித்தது. காந்தத் திசையை அளக்கும் காந்தமானி, ஆறு மீட்டர் நீளமுள்ள கையின்மீது பொருத்தப்பட்டுள்ளது. விண்கலத்தின் சொந்தக் காந்தம் அளவீட்டைக் கெடுக்காதிருக்கவே அந்த நீளம். பிரவுன் கருவியை மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். இவர்கள் கையை நீட்டியிருக்கின்றனர்.

மே 2024 புயல் ஏன் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாயிற்று என்ற ஆய்வில் ஆதித்யாவின் காந்த அளவீடுகள் அமெரிக்க விண்கலங்களின் தரவுகளோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன. வழியிலேயே இரண்டு வெளியேற்றங்கள் மோதி, ஒன்றனுள் காந்தக் கோடுகள் அறுந்து மீளிணைந்தன என்பதும், அவ்வாறு நிகழ்ந்த பரப்பு சுமார் 13 லட்சம் கிலோமீட்டர் அகன்றது என்பதும் அதன் முடிவு.

விநாடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் எல்1 புள்ளியிலிருந்து பூமியை அடைய 25 நிமிடங்கள் போதும். மெதுவாக வந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மின் கட்டமைப்பை இயக்குவோருக்கும் செயற்கைக்கோள்களைப் பாதுகாப்போருக்கும் உறுதியான தகவலோடு கிடைக்கும் அவகாசம் அவ்வளவே. 1989 மார்ச் 13-ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியதும், 2022 பிப்ரவரியில் ஏவிய சில நாள்களிலேயே 38 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்ததும் இத்தகைய புயல்களால்தான். பின்னது மிதமான புயல் என்பது கவனிக்கத்தக்கது.

தென்னிந்தியாவுக்கு என்ன பாதிப்பு?

துருவ ஒளி திருவனந்தபுரத்தில் தெரியப்போவதில்லை. கியூபெக் போன்ற மின்தடை அபாயமும் உயர் அட்சரேகை நாடுகளோடு ஒப்பிட இங்கே குறைவு. ஆயினும் தென்முனைக்கு வேறொரு தனித்தன்மை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்நகருக்கு மிக அருகே செல்கிறது. தொங்கவிட்ட காந்த ஊசி இங்கு ஏறத்தாழ கிடைமட்டமாகவே நிற்கும். இதன் காரணமாகவே தும்பா கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21-ஆம் தேதி இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. காந்த நடுக்கோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் பாய்கிறது. சூரியன் மறைந்தபின் அயனிமண்டலத்தில் குமிழிகள் எழுந்து, செயற்கைக்கோள் சமிக்ஞைகளை நடுங்கச் செய்கின்றன. புவிகாந்தப் புயல் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கக்கூடும். சில வேளை குமிழிகளைப் பெருக்கும், சில வேளை அடக்கிவிடும். ஜிபிஎஸ், நாவிக் ஆகியவற்றை நம்பிக் கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்கும், விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்புக்கும் இது நேரடித் தொடர்புடையது.

செல்பேசியை அணைத்துத் தொலைவில் வையுங்கள், வெயிலில் நடமாடாதீர்கள் என ஒவ்வொரு பிழம்பின் போதும் வாட்ஸ்ஆப்பில் பரவும் எச்சரிக்கைகளுக்கு அடிப்படை இல்லை. தரையில் உள்ள மனிதர்களை வளிமண்டலம் காக்கிறது. கோடை வெப்பத்துக்கும் புள்ளிகளைக் காரணமாக்க இயலாது. 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியன் தரும் மொத்த ஆற்றல் மாறும் அளவு சுமார் 0.1 சதவீதமே.

2019 டிசம்பரில் தொடங்கிய 25-ஆவது சூரியச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசாவும் நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. உச்சம் கடந்தால் அமைதி என்று பொருள் கொள்ள இயலாது. 2003 அக்டோபர், நவம்பரில் உலகை உலுக்கிய புயல்கள், அச்சுழற்சியின் உச்சம் முடிந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தன. ஆதித்யா எல்1 ஐந்து ஆண்டுகள் இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. சுழற்சியின் இந்த இறங்குமுகக் காலத்தின் பெரும்பகுதி அதன் பணிக்காலத்துக்குள் அடங்கும்.